ஆக்சைடு கண்ணாடியின் வெப்பக் குணமும் மின் குணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கும் பிஎச்.டி.க்கும் கண்ணாடி உருக்கும் மாணவர்கள் எப்போதும் சிலர் உண்டு. ஓர் உலையும் நல்ல தராசும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்பது இந்தத் துறையின் வசதி. அவர்கள் கேட்பதோடு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்ப்பவர்களும் வீட்டு மாடியில் சோலார் மாட்டிக்கொடுப்பவர்களும் கேட்பதைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் வேறுவேறாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கும்: கண்ணாடிக்குள் எந்த அயனியை நடமாட விடுகிறோம், எதைக் கட்டிப்போடுகிறோம் என்பதில்.

ஜன்னல் கண்ணாடிக்கும் சிறப்புக் கண்ணாடிக்கும் என்ன வித்தியாசம்?

ஜன்னல் கண்ணாடியில் எடைக்கணக்கில் 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே சிலிக்கா, 13-14 சதவீதம் சோடியம் ஆக்சைடு, 10 சதவீதத்தை ஒட்டிச் சுண்ணாம்பு, மிச்சம் மெக்னீசியம், அலுமினியம் ஆக்சைடுகள். மலிவாகவும் டன் கணக்கிலும் செய்ய வேண்டும் என்பதற்காக அமைந்த கலவை இது. சிறப்புக் கண்ணாடியில் குணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பக் கலவையைத் தேடுவார்கள். சோதனைக் குழாய், ஃபைபர், எலக்ட்ரானிக்ஸ் உறைகளை அடைக்கும் கண்ணாடி, லென்ஸ் எல்லாம் இதில் சேரும். சிலவற்றில் சிலிக்காவே இருக்காது.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

அறை வெப்பநிலையில் அது சரி. சூடாக்கிப் பாருங்கள், கதை மாறும். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் மின்தடைத்திறன் 25 டிகிரி செல்சியஸில் 10¹² ஓம்-சென்டிமீட்டருக்கு மேல். அதே கண்ணாடி 250 டிகிரியில் சில பத்து லட்சம் ஓம்-சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். ஏறத்தாழ பத்து லட்சம் மடங்குச் சரிவு. உருகி ஓடும் நிலையில் சில ஓம்-சென்டிமீட்டர்தான் மிஞ்சும்.

இங்கே மின்சாரத்தைச் சுமந்து போவது எலக்ட்ரான் அல்ல, சோடியம் அயனி. 1884-இல் எமில் வார்பர்க் சூடான கண்ணாடிச் சுவரின் வழியாக மின்னோட்டம் செலுத்தி, ஒரு பக்கத்துச் சோடியம் மறுபக்கம் வந்து சேர்வதைக் காட்டினார். பழைய குண்டு பல்பை உருகிய சோடியம் நைட்ரேட்டில் அமிழ்த்தி மின்சாரம் கொடுத்தால் பல்பின் உள்சுவரில் சோடியம் பளபளவென்று படியும். சுவரில் ஓட்டை கிடையாது, சோடியம் மட்டும் உள்ளே வந்துவிடும். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். உருகிய நைட்ரேட் உப்பு தோலில் பட்டால் ஆழமாகச் சுட்டுவிடும். காகிதம், துணி மேல் விழுந்தால் தீயே பிடிக்கும்.

இந்தக் குணத்துக்கு வேலையும் இருக்கிறது. பெரிய கண்ணாடி உலைகளில் மாலிப்டினம் மின்முனைகளைக் குழம்புக்குள் விட்டு, கண்ணாடியையே ஹீட்டர் போல ஆக்கிக் கூடுதல் சூடு கொடுக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் தாராப்பூரில் அணுக்கழிவைப் போரோசிலிக்கேட் (போரான் கலந்த சிலிக்கா) கண்ணாடிக்குள் பூட்டும் உருக்கியும் இதே முறையில் இயங்குவதுதான். அந்தக் கலவையை வடிவமைப்பவர் கழிவு கரைகிறதா, கண்ணாடி நீரில் தாக்குப்பிடிக்கிறதா என்பதோடு, குழம்பு எவ்வளவு மின்சாரம் கடத்தும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

சோடா கூடினால் விரிவும் கூடுகிறது, கடத்துதலும் கூடுகிறது. ஏன் இரண்டும் சேர்ந்தே வருகின்றன?

இதுதான் அடிப்படைக் கேள்வி. சுத்தமான சிலிக்காவில் ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களைப் பாலமாகக் கட்டி வைத்திருக்கும். வலை இறுக்கமானது. அதனால்தான் அதை உருக்க 1,700 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கிறது; விரிவும் மிகக் குறைவு. இங்கே விரிவை பிபிஎம் கணக்கில் சொல்கிறேன்: ஒரு டிகிரி சூடேறினால் 10 லட்சத்தில் எத்தனை பங்கு நீளம் கூடுகிறது என்பது. சிலிக்காவுக்கு அது 0.5 சொச்சம்தான்.

சோடியம் ஆக்சைடு உள்ளே போனதும் பாலங்கள் அறுபடும். அறுந்த முனையில் நிற்கும் ஆக்சிஜன் பக்கத்தில் சோடியம் போய் உட்காரும், ஆனால் அதன் பிடிப்பு தளர்வானது. வலை தளர்ந்ததால் குறைந்த வெப்பநிலையில் உருகுகிறது. அதே தளர்வால் விரிவு 9 பிபிஎம் அளவுக்கு ஏறுகிறது. பிடிப்புக் குறைந்த சோடியம் மின்புலம் கிடைத்ததும் நகர்கிறது. காரணம் ஒன்று, விளைவு மூன்று. ‘எனக்கு எளிதில் உருக வேண்டும், ஆனால் மின்சாரம் கடத்தக் கூடாது’ என்று யாராவது கேட்டால் சோடாவை விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும் என்பது இங்கிருந்தே புரியும்.

என்ன வழிகள்?

முதல் வழி, நடமாட முடியாத பெரிய, கனத்த அயனிகளை வைத்து வலையைத் தளர்த்துவது. ஈயம், பேரியம், பிஸ்மத் எல்லாம் இந்த வகை. பல்புக்குள் கம்பி நுழையும் தண்டுப் பகுதியில் ஈயக் கண்ணாடி வைத்ததற்கு இதுவே காரணம். அது எளிதில் இளகும், ஆனால் 250 டிகிரியிலும் அதன் மின்தடைத்திறன் 10¹⁰ ஓம்-சென்டிமீட்டர் அளவில் நிற்கும். அதே சூட்டில் ஜன்னல் கண்ணாடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். இரண்டு கம்பிகள் சூடான கண்ணாடிக்குள் பக்கத்துப் பக்கத்தில் போகும் இடத்தில் இந்த வித்தியாசம்தான் பல்பின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது வழி போரான். மூன்றாவது, கார அயனிகளையே (சோடியம், பொட்டாசியம் போன்றவை) இரண்டு வகையாகக் கலப்பது. இந்த இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டிலும் கணக்கு எதிர்பார்ப்புக்கு மாறாகப் போகும்.

சோடியத்தில் பாதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் போட்டால் மின்தடை ஏறுகிறதே, எப்படி?

முதல் தடவை பார்க்கிறவர்கள் கருவியில்தான் கோளாறு என்று நினைப்பார்கள். சோடியம் மட்டும் உள்ள கண்ணாடியும் கடத்துகிறது, பொட்டாசியம் மட்டும் உள்ளதும் கடத்துகிறது. மொத்த அளவை மாற்றாமல் இரண்டையும் கலந்தால் கடத்துதல் இரண்டையும்விடக் கீழே போகிறது. கொஞ்சநஞ்சமல்ல. அறை வெப்பநிலை அருகே சில கலவைகளில் ஆயிரம், பத்தாயிரம் மடங்கு வரை.

இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: ஒவ்வொரு அயனியும் தன்னைச் சுற்றித் தன் அளவுக்கேற்ற இடத்தை அமைத்துக்கொள்கிறது. சோடியம் காலி செய்த இடம் பொட்டாசியத்துக்குப் பொருந்தாது, பொட்டாசியம் விட்ட இடம் சோடியத்துக்குப் பிடிக்காது. கோயில் வாசலில் எத்தனை செருப்பு கிடந்தாலும் நம் காலுக்குச் சேருவது நம்முடையதுதானே. இப்படி ஒன்றின் வழியை மற்றது அடைத்துவிடுகிறது.

கவனிக்க வேண்டியது, விரிவில் இந்த அதிசயம் நடப்பதில்லை. அது கலவைக்கேற்ப ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். ஆகவே விரிவை அதிகம் தொந்தரவு செய்யாமல் மின்தடையை மட்டும் ஏற்ற வேண்டுமென்றால் இந்தக் கலப்பைவிடக் கைக்கு அடக்கமான கருவி கிடையாது. இரண்டு குணங்களையும் பிரித்துக் கையாள இவ்வளவு மலிவான வழி வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

ஓர் எச்சரிக்கை. சூடு ஏற ஏற இந்த விளைவு மங்கும். 30 டிகிரியில் அளந்து மகிழ்ந்துவிட்டு 400 டிகிரியில் பயன்படுத்தினால் ஏமாற்றம்தான்.

போரான் ஏன் எல்லாக் கலவையிலும் வருகிறது?

போரான் இரண்டு விதமாக நிற்கக்கூடியது. மூன்று ஆக்சிஜனோடு தட்டையாகவும் நிற்கும், நான்கோடு சேர்ந்து முப்பரிமாணமாகவும் நிற்கும். தனிப் போரான் ஆக்சைடு கண்ணாடியில் எல்லாமே மூன்று. விரிவு 15 பிபிஎம் அளவு. தண்ணீரை இழுக்கும் கண்ணாடி, அதனால் தனியாக உபயோகமில்லை. அதில் கொஞ்சம் சோடா சேர்த்தால் சிலிக்காவில் நடந்தது போல வலை அறுபட வேண்டும் அல்லவா? அறுபடுவதில்லை. சோடா கொண்டுவந்த ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு போரான் மூன்றிலிருந்து நான்காகிறது, வலை இறுகுகிறது, விரிவு குறைகிறது. மோல் கணக்கில் 15-20 சதவீதம் தாண்டிய பிறகுதான் திரும்ப ஏறத் தொடங்கும். இதற்குப் போரான் முரண்பாடு என்று பெயர்.

சோதனைக் குழாய்களில் வரும் போரோசிலிக்கேட்டில் ஏறத்தாழ 81 சதவீதம் சிலிக்கா, 13 சதவீதம் போரான் ஆக்சைடு, 4 சதவீதம் கார ஆக்சைடு, 2 சதவீதம் அலுமினா. விரிவு 3.3 பிபிஎம். ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வகைக் கண்ணாடிக்கு வழி போட்டார். 1915-இல் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்று பெயரிட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. சோடா குறைவு என்பதால் மின்தடையும் நன்றாகவே இருக்கும்.

கண்ணாடியையும் உலோகத்தையும் ஒட்டும்போது விரிசல் விடுகிறது. விரிவுக் குணகம் பொருந்தத்தானே செய்கிறது?

எந்த வெப்பநிலை வரைக்கும் பொருந்துகிறது என்று பார்த்தீர்களா? புத்தகத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் அறை வெப்பநிலையிலிருந்து 300 டிகிரி வரைக்கான சராசரி. கண்ணாடி இறுகிக் கெட்டியாவது அதைவிட மேலே, 450-550 டிகிரியில். அதற்கு மேல் குழைந்து கொடுக்கும், தகைவு சேராது. கெட்டியான கணத்திலிருந்து அறை வெப்பநிலை வரை இரண்டும் மொத்தம் எவ்வளவு சுருங்குகின்றன என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். கோவார் என்ற இரும்பு-நிக்கல்-கோபால்ட் கலப்புலோகம் 300-400 டிகிரி வரை 5 பிபிஎம் அளவில் அடங்கி இருக்கும். அதன் காந்தத்தன்மை போகும் வெப்பநிலை 435 டிகிரி அருகே. அதைத் தாண்டினால் சட்டென்று அதிகமாக விரியும். எண் மட்டும் பார்த்துக் கண்ணாடி தேர்ந்தெடுத்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

சில விரிவு எண்கள் (பிபிஎம் கணக்கில்) மனதில் இருந்தால் போதும். டங்ஸ்டன் 4.5, மாலிப்டினம் 5-க்குச் சற்று மேல், பிளாட்டினம் 9, 304 ஸ்டீல் 17, அலுமினியம் 23. பிளாட்டினமும் ஜன்னல் கண்ணாடியும் ஏறத்தாழ ஒன்று என்பதால்தான் ஆரம்பகால பல்புகளில் பிளாட்டினக் கம்பி வைத்தார்கள். விலை தாங்காமல் பிறகு செம்பு பூசிய நிக்கல்-இரும்புக் கம்பிக்கு மாறினார்கள்.

பொருந்தவே வேண்டாம் என்று துணிந்தும் செய்யலாம். வெளியே ஸ்டீல் வளையம், உள்ளே கண்ணாடி, நடுவில் கம்பி. ஆறும்போது ஸ்டீல் அதிகம் சுருங்கி கண்ணாடியை நான்கு பக்கமும் நெருக்கும். கண்ணாடி இழுத்தால்தான் உடையும், அமுக்கினால் நன்றாகத் தாங்கும். அழுத்தமும் வெற்றிடமும் தாங்க வேண்டிய பல மின்இணைப்புகள் இப்படிச் செய்யப்பட்டவை.

கலவையை மாற்றி ஜன்னல் கண்ணாடியின் வெப்பக்கடத்தலை இரண்டு மடங்காக்க முடியுமா?

முடியாது. சிலிக்கா 1.4, ஜன்னல் கண்ணாடி 1, ஈயம் நிறைந்த கண்ணாடி 0.6-0.7 வாட்/மீட்டர்-கெல்வின். ஒழுங்கில்லாத வலையில் வெப்ப அதிர்வு சில அணுத் தூரம்கூடப் போகாமல் சிதறிவிடுகிறது, கலவை என்னவாக இருந்தாலும். ‘வெப்பக் குணத்தை வடிவமைத்தேன்’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விரிவையும் இளகும் வெப்பநிலையையும்தான் சொல்கிறார்கள்.

முப்பந்தல் காற்றாலை இறக்கைகளில் இருப்பது என்ன கண்ணாடி?

பெரும்பாலும் ‘ஈ’ வகைக் கண்ணாடி இழை. 1930-களில் மின்காப்புக்கென்றே உருவாக்கிய கலவை: சிலிக்கா 52-56 சதவீதம், அலுமினா 12-16, சுண்ணாம்பு 16-25, போரான் ஆக்சைடு 10 வரை, கார ஆக்சைடுகள் இரண்டு சதவீதத்துக்குள். சோடியம் இல்லாததால் மின்தடை அதிகம். சோடியம் இல்லாததாலேயே ஈரத்தில் இழையின் மேற்பரப்பு சீக்கிரம் அரிக்கப்படுவதும் இல்லை. இந்த இரண்டாவது நன்மைக்காகவும் விலைக்காகவும்தான் அது படகு, தண்ணீர்த் தொட்டி, காற்றாலை இறக்கை என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

‘காப்புப் பொருள்தானே, பிறகு ஏன் இடி விழுந்தால் இறக்கை பிளக்கிறது?’ என்று ஆரல்வாய்மொழியில் ஒருவர் கேட்டார். காப்புப் பொருள் என்பதால்தான். மின்னல் போக வழி வேண்டும். அதற்காகவே நுனியில் மின்னலை வாங்கும் உலோக முனையும் உள்ளே கடத்திக் கம்பியும் வைக்கிறார்கள். அந்த இணைப்பு கெட்டிருந்தால் மின்னல் இறக்கையின் உள்ளே பாய்ந்து, அங்கிருக்கும் ஈரத்தை ஒரே நொடியில் ஆவியாக்கும். பிளப்பது அந்த ஆவியின் அழுத்தத்தில்.

கடலோரத்தில் சோலார் பேனல் சக்தி குறைவது உப்பாலா, கண்ணாடியாலா?

இரண்டும் இருக்கலாம். உப்பு, சட்டகத்தையும் இணைப்புகளையும் அரிப்பது கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. பேனலின் மேல்மூடி சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. வரிசையாகப் பல பேனல்களைத் தொடராக இணைக்கும்போது ஒரு கோடியில் இருக்கும் செல்கள் பூமியோடு இணைந்த சட்டகத்தைவிட நூற்றுக்கணக்கான வோல்ட் கீழே நிற்கும். கண்ணாடியிலிருக்கும் சோடியம் அந்த இழுப்பில் மெதுவாக நகர்ந்து செல்லின் மேற்பரப்புக்குப் போய், செல்லுக்குள்ளேயே மின்கசிவு வழி போடுகிறது. கண்ணாடியின் மேல் ஈரமும் உப்பும் படிந்திருந்தால் முழு மேற்பரப்பும் சட்டகத்தோடு மின்தொடர்பு கொண்டதாகிவிடும், வேகம் கூடும். முட்டம், குளச்சல் பக்கத்துக் காற்று இதற்கு எல்லா வசதியும் செய்து கொடுக்கும்.

அடையாளம் எளிது. வரிசையில் எதிர்மின்முனை (மைனஸ்) பக்கத்துப் பேனல்கள் மட்டும் மோசமாகவும், போகப்போக மற்றவை நன்றாகவும் இருந்தால் சந்தேகம் இதன்மேல்தான். ஆரம்ப நிலையில் இரவில் எதிர்த் திசையில் மின்னழுத்தம் கொடுக்கும் கருவி வைத்தால் சோடியத்தைத் திருப்பி அனுப்பி ஓரளவு மீட்கலாம். புதிதாக வாங்குபவர்கள் இந்தப் பாதிப்புக்குச் சோதித்த பேனலா என்று கேட்டு வாங்குங்கள். மாடியில் ஐந்தாறு பேனல் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வோல்ட் குறைவு, அவ்வளவு கவலை வேண்டாம்.

உயர்மின் கம்பிகளில் தொங்கும் பச்சைக் கண்ணாடித் தட்டுகளும் இதே கண்ணாடிதானா?

கடினப்படுத்திய சோடா-சுண்ணாம்பு வகை. பழுதானால் பாவாடை போல விரிந்த கண்ணாடிப் பகுதி முழுதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், கீழே நின்றே எது போயிற்று என்று எண்ணிவிடலாம். பீங்கானில் இந்த வசதி கிடையாது. உள்விரிசல் வெளியே தெரியாது.

ஏசி கம்பியில் சோடியம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது, எங்கும் போய்ச் சேருவதில்லை. டிசி கம்பியில் ஒரே பக்கம் இழுப்பு, வருடக்கணக்கில். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் மாதிரியான டிசி தடங்களில் சாதாரணக் கண்ணாடித் தட்டு தொங்கினால் அயனி நகர்ந்து தட்டு பலவீனமாகும். அதனால் டிசிக்கென்று மின்தடை உயர்ந்த கண்ணாடி தனியாக உண்டு. அதை எட்டும் வழி மேலே சொன்ன சோடியம்-பொட்டாசியம் கலப்புதான்.

மணவாளக்குறிச்சி மணலில் கண்ணாடி செய்ய முடியுமா?

வருடா வருடம் ஒருவராவது கேட்கிறார். நேரடியாக முடியாது. அந்தக் கறுப்பு மணலின் பெருமை சிலிக்காவில் இல்லை. இல்மனைட், ரூட்டைல், ஜிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் ஆகிய கனிமங்களில் இருக்கிறது. இல்மனைட்டிலும் கார்னெட்டிலும் இரும்பு. சோலார் கண்ணாடியில் இரும்பு ஆக்சைடு 0.01-0.02 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால் இந்த மணலை உருக்கினால் வருவது கறுத்த கட்டிதான். அதோடு மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்திச் சட்டத்துக்குள் வரும் பொருள். வாளியோடு கடற்கரைக்குப் போக வேண்டாம்.

ஆனால் அந்த மணலிலிருந்து பிரித்தெடுப்பவை இல்லாமல் சிறப்புக் கண்ணாடி நடக்காது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் பிரிப்பு ஆலை வந்தது. அப்போது நாம் திருவிதாங்கூர். அன்றைய தேவை பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேண்டிலுக்கான தோரியம். இன்று ஐஆர்இஎல் என்ற பொதுத்துறை நிறுவனம் அங்கே கனிமம் பிரிக்கிறது.

ஜிர்கானிலிருந்து ஜிர்கோனியம் ஆக்சைடு. கண்ணாடியில் சேர்த்தால் இளகும் வெப்பநிலை ஏறும், விரிவு இறங்கும், காரம் அரிக்காது. கான்கிரீட்டுக்குள் வைக்கும் இழையில் 16 சதவீதத்துக்கு மேல் இதைச் சேர்க்கிறார்கள். ‘ஈ’ வகை இழையைச் சிமெண்டில் வைத்தால் கரைந்து போகும். கண்ணாடி உலையின் உள்சுவர்ச் செங்கல்லிலும் ஜிர்கோனியா உண்டு. மோனசைட்டிலிருந்து வரும் லாந்தனம் லென்ஸ் கண்ணாடிக்கு ஒளிவிலகலை ஏற்றும். சீரியம், கதிர்வீச்சில் கண்ணாடி பழுப்பாகாமல் காக்கும். செயற்கைக்கோளின் சோலார் செல் மூடிகளில் அது இருக்கிறது. லென்ஸைத் தேய்த்து மெருகேற்றும் இளஞ்சிவப்புப் பொடியும் சீரியம் ஆக்சைடுதான்.

சமாரியம், டிஸ்ப்ரோசியம் 0.5 சதவீதம் சேர்த்தேன். வெப்பக் குணம் மாறியதா?

ஒளி உமிழ்வு நிச்சயம் மாறியிருக்கும், அதற்காகத்தானே சேர்க்கிறோம். விரிவும் இளகுநிலையும் அந்த அளவுக்கு அசைவதில்லை. கண்ணாடிநிலை வெப்பநிலை (கெட்டியான கண்ணாடி குழையத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி கூடியதாக வரைபடம் போட்டு, அதற்கு ஒன்றரைப் பக்க விளக்கம் எழுதிய கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். கருவியின் பிழையே 2-3 டிகிரி. ஒரே மாதிரியை மூன்று முறை அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எலக்ட்ரான் கடத்தும் ஆக்சைடு கண்ணாடியும் உண்டாமே?

உண்டு. வெனேடியம் ஆக்சைடு மிகுந்த கண்ணாடிகள் 1950-களிலிருந்து தெரிந்தவை. அதில் வெனேடியம் சிலது நான்கு, சிலது ஐந்து என்று இரண்டு மின்னேற்ற நிலைகளில் இருக்கும். எலக்ட்ரான் நான்கிலிருந்து ஐந்துக்குத் தாவும். தாவும் இடத்தில் சுற்றியிருக்கும் வலையையும் கொஞ்சம் வளைத்துக்கொண்டே போவதால் கடத்தல் மந்தம். உருக்கும்போது உலையில் ஆக்சிஜன் எவ்வளவு என்பது இந்த நான்கு-ஐந்து விகிதத்தை மாற்றிவிடும், ஆகவே கலவையை மட்டும் எழுதினால் போதாது. இன்னொரு பக்கம் வெள்ளி அயோடைடு கரைத்த வெள்ளி போரேட் கண்ணாடிகள்: அறை வெப்பநிலையிலேயே ஒரு சென்டிமீட்டருக்கு 10⁻² சீமென்ஸ் வரை (அதாவது மின்தடைத்திறன் 100 ஓம்-சென்டிமீட்டர்தான்) கடத்துபவை உண்டு. திரவ மின்பகுளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விலைதான் கையைக் கடிக்கும்.

ஆய்வகத்தில் ஒரே கலவைக்கு இரண்டு நாளில் இரண்டு எண் வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

எடை போடுவதிலிருந்து தொடங்குங்கள். போரிக் அமிலம் சூட்டில் தண்ணீராக 44 சதவீதம் எடை இழக்கும். 100 கிராம் போரான் ஆக்சைடு வேண்டுமென்றால் 178 கிராம் அமிலம் எடுக்க வேண்டும். இதை மறந்தவர்கள் நிறைய. சூட்டையும் அவசரமாக ஏற்றக் கூடாது. 150 டிகிரி தாண்டும்போது நீராவி கிளம்பிக் கலவை பொங்கி மூசையின் (உருக்கும் கிண்ணத்தின்) விளிம்பைத் தாண்டி வழியும். வழிந்தது போக உள்ளே மிஞ்சியது நீங்கள் எழுதிய கலவையாக இருக்காது.

அலுமினா மூசை கொஞ்சம் கரையும். பிஸ்மத், ஈயம் அதிகமுள்ள குழம்பில் நிறையவே கரையும். கேட்காத அலுமினா இரண்டு மூன்று சதவீதம் வந்து சேர்ந்தாலே இளகுநிலை நகர்ந்துவிடும். பிளாட்டினம் நல்லது, ஆனால் குழம்பில் ஈயமோ பிஸ்மத்தோ உலோகமாகப் பிரிந்தால் மூசையே ஓட்டையாகும்.

அடுத்தது ஆறவைத்த விதம். பித்தளைத் தட்டில் ஊற்றி அப்படியே எடுத்த கண்ணாடியும், இறுகுநிலை அருகே வைத்து மெதுவாக ஆற்றியதும் ஒன்றல்ல. வேகமாக ஆறியதில் வலை சற்று விரிந்தே உறைந்திருக்கும். கடத்துதல் இரண்டு மூன்று மடங்குகூட அதிகம் காட்டும். ஊற்றிய பிறகு தட்டில் ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்டால் அது உள்ளே முடி விரிசல். அந்தத் துண்டை அளக்க வேண்டாம்.

கடைசியாக நம் ஊர்க் காற்று. ஜூன், ஜூலைச் சாரலில் பாஸ்பேட் கண்ணாடியை மேசையில் விட்டுப் போனால் காலையில் விரலில் பிசுபிசுக்கும். அந்த ஈரப்படலத்தின் வழியே ஓடும் மின்சாரத்தைக் கண்ணாடியின் குணமென்று எழுதிவிடுவோம். உலர்கலத்தில் வையுங்கள். அளப்பதற்கு முன் 120 டிகிரியில் வைத்து உலர்த்துங்கள். வெள்ளிப் பசை மின்முனையைச் சுற்றி, அதைத் தொடாமல், மின்கடத்தும் காவல் வளையம் (கார்டு ரிங்) ஒன்று போட்டால் மேற்பரப்புக் கசிவு தனியே போய்விடும். டிசி மீட்டரில் அளந்தால் அயனிகள் ஒரு பக்கம் குவிந்து எண் இறங்கிக்கொண்டே போகும். பல அதிர்வெண்களில் ஏசி வைத்து அளப்பதே முறை.

கணினியில் போட்டே கலவையைக் கண்டுபிடிக்க முடியாதா?

ஒவ்வொரு ஆக்சைடுக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டிச் சொல்லும் முறையை 1890-களிலேயே ஷாட்டும் விங்கெல்மனும் போட்டார்கள். சாதாரண சிலிக்கேட்டின் விரிவுக்கு இன்றும் அது கைகொடுக்கும். போரான் மிகுந்தாலோ இரண்டு காரங்கள் கலந்தாலோ கூட்டல் கணக்கு கவிழும். இப்போதைய இயந்திரக் கற்றல் முறைகள் அதைவிட நன்றாகச் செய்கின்றன, தெரிந்த கலவைகளுக்கு நடுவே இருக்கும்வரை.

ஈயம் இல்லாமல் குறைந்த சூட்டில் அடைக்கும் கண்ணாடி எது?

பிஸ்மத்-துத்தநாக-போரேட், வெனேடியம்-பாஸ்பேட் அல்லது டெல்லுரைட், தகரம்-பாஸ்பேட் என்று மூன்று குடும்பங்கள். நான் பிஸ்மத்தை முதலில் பார்க்கச் சொல்வேன். மின்தடை நன்று, நீரில் ஓரளவு தாங்கும். வெனேடியம் வகைகள் 400 டிகிரிக்குக் கீழே ஒட்டும், ஆனால் கொஞ்சம் மின்சாரம் கடத்தும், நச்சும் உண்டு. பாஸ்பேட் வகைக்கு ஈரம் ஆகாது. விரிவு எல்லாவற்றிலும் 10 பிபிஎம் பக்கம் இருக்கும். குறைவான விரிவு வேண்டுமென்றால் விரிவு மிகக் குறைந்த பீங்கான் பொடியைக் கலந்து இறக்குவார்கள்.

வீட்டில் இருக்கும் கண்ணாடிப் பாத்திரத்தை கேஸ் அடுப்பில் வைக்கலாமா?

பெட்டியில் போரோசிலிக்கேட் என்று போட்டிருந்தால் ஓவனில் வைக்கலாம். கேஸ் தீயில் நேரடியாக வைக்க, அதற்கென்றே செய்த பாத்திரமாக இருக்க வேண்டும். பைரெக்ஸ் என்ற பெயர் மட்டும் போதாது. அந்தப் பெயரில் கடினப்படுத்திய சோடா-சுண்ணாம்புப் பாத்திரங்களும் விற்கின்றன. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை எந்தக் கண்ணாடியாக இருந்தாலும் சூட்டில் வைக்க வேண்டாம், முதலில் அறைச் சூட்டுக்கு வரட்டும்.